சீர்த்தட்டில் வந்த சவுண்ட் கார்டு

எங்கள் உறவில் இன்றும் யாராவது சீர் என்று பேச்செடுத்தால் என் சடங்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள். தேங்காய், பழம், பட்டுச்சேலை, வளையல் என்று தாய்மாமன் சீர்த்தட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, நடுவே ஒரு தட்டில் பிராசஸர் வந்தது. அடுத்த தட்டில் கிராபிக்ஸ் கார்டு. அதற்கடுத்து மதர்போர்டு. எல்லா அட்டைப்பெட்டியிலும் சந்தனம், குங்குமம். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வேனில் வந்திறங்கிய மாமா வீட்டுப் பெண்கள், அது என்ன ஏது என்று தெரியாமலேயே, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பத்திரமாகத் தூக்கி வந்தார்கள். அந்தச் சீரில் கடைசியாக வந்து சேர்ந்த தட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதில் இருந்தது ஒரு சவுண்ட் கார்டு. அது வரவே கூடாது என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான என் மாமா பழங்காநத்தத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கீழே ரிப்பேர், மாடியில் கேமிங் சென்டர். என் பள்ளிக்கூடம் அடுத்த தெருவிலேயே இருந்ததால், பள்ளி விட்டதும் மாமா கடைக்குப் போய்விடுவேன். அலுவலகம் முடிந்து அப்பா வண்டியில் வந்து திருப்பரங்குன்றத்து வீட்டுக்குக் கூட்டிப்போவார். அதுவரை எனக்கு மாடியில் வேலை. அங்கே வந்துகொண்டிருந்த நான்கு பையன்களோடு சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு. மூன்று பேர் மேல்வகுப்புப் படிப்பவர்கள், ஒருவர் கல்லூரி. சின்னப் பிள்ளைதானே என்று வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்குக் குறிபார்த்துச் சுட வராது. நான் சுட்டால் சுவருக்குத்தான் காயம். ஆனால் என் காது நல்ல காது. எதிராளிகள் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்து வரும்போது காலடிச் சத்தம் லேசாகக் கேட்கும். அது இடமா வலமா, தூரமா பக்கமா, மண்ணா படிக்கட்டா என்று மற்ற நால்வருக்கும் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டுவிடும். அந்த விளையாட்டில் வருவது எந்த நாட்டு ஊரோ தெரியாது. அதன் சந்துகளுக்கு நாங்கள் எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தோம். இடது பக்கத்துச் சந்து சிம்மக்கல். வலது பக்கத்துப் படிக்கட்டு யானைக்கல். நடுவிலிருந்த திறந்தவெளிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு என்று பெயர், ஏனென்றால் அதற்குள் போனவன் முழுசாகத் திரும்பியதில்லை. நான் ‘சிம்மக்கல்’ என்று சொன்னால் நான்கு துப்பாக்கியும் சிம்மக்கல்லைப் பார்த்துத் திரும்பும். வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்லக்கூடப் பயப்படுகிற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னாலும் யாருக்கும் புரியப்போவதில்லை.

மதுரையில் இருக்கிற கேமிங் சென்டர்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். நாங்களும் பெயர் கொடுத்தோம். ஒவ்வொரு அணியாக ஜெயித்துக் கடைசி ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம். ஐந்து பேர் இருந்தால்தான் ஆடலாம். கொடுத்த பெயரை மாற்ற முடியாது, ஆனால் இன்டர்நெட் வழியாக எங்கிருந்தும் ஆடலாம். இந்த நேரம் பார்த்து நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன்.

“இனிமே மாமா கடைக்குப் போக வேணாம்.” இதைச் சொன்னது அம்மா. காரணம் கேட்டேன். “வேணாம்னா வேணாம்” என்றதோடு சரி, அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மை போட்டால் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எடுப்பதுபோல இதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு இருந்த கவலை எல்லாம் கடைசி ஆட்டம் மட்டும்தான். அது சடங்கு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை.

விஷயம் கேள்விப்பட்டு மாமா வந்தார். என்னைப் பின்கட்டு அறையில் தனிப்பாய், தனித்தட்டோடு உட்கார வைத்திருந்தார்கள். ஹாலில் பேசுவது எல்லாம் கேட்கும், ஆனால் எட்டிப்பார்க்கக் கூடாது. சீருக்கு ஒரு கம்ப்யூட்டரே செய்து தருகிறேன், பிள்ளை வீட்டிலேயே விளையாடட்டும் என்று மாமா சொன்னதும் நான் பாயைவிட்டு எழுந்தே விட்டேன். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். எந்த வீட்டுச் சடங்குக்கும் வராத சீர். அப்புறம் ஒவ்வொரு சாமானாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் சுமுகமாகப் போனது, சவுண்ட் கார்டு வரும்வரை.

“அதெதுக்கு மாப்ள? மதர்போர்டுலயே ஆடியோ இருக்குல்ல” என்றார் அப்பா. எதை வாங்கினாலும் அதோடு வரும் குறிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறவர் அவர். “ரெண்டு ஸ்பீக்கர் போதும். ஹால்ல வச்சிருவோம். எல்லாரும் கேக்கட்டும்.”

“போர்டு ஆடியோவுல ஒரு இரைச்சல் இருக்கும் மச்சான். காலடிச் சத்தம் தெளிவா விழுகாது. தனியாக் கார்டு போட்டு ஹெட்செட் மாட்டுனாத்தேன்…”

“காதுல மாட்டுறதெல்லாம் வேணாம்” என்று குறுக்கே வந்தது அத்தையின் குரல். அப்பாவின் அக்கா. சடங்குக்காக முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டை நடத்திக்கொண்டிருந்தார். “சமைஞ்ச பிள்ள காதுல எதையாச்சும் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா வீட்டுல இருக்குறவுக கூப்புடுறது கேக்குமா? நமக்குக் கேக்காத சத்தம் அதுக்கு மட்டும் எதுக்கு?”

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருக்க வேண்டும். வளையல் சத்தம் கேட்டது. பாயில் உட்கார்ந்தபடி நான் பல்லைக் கடித்தேன். இவர்களுக்குச் சத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? இரைச்சல் கலந்த ஆடியோவில் சிம்மக்கல்லையும் யானைக்கல்லையும் எப்படிப் பிரித்துக் கேட்பது? அந்த ஹாலில் நடந்தது முழுக்க முழுக்க ஆடியோவின் தரத்தைப் பற்றிய விவாதம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

“சரி மச்சான், போர்டுல இருக்குறதே போதும்” என்று மாமா இறங்கி வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் விட்டுக்கொடுத்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

சடங்கு அன்று மண்டபத்து வாசலில் வேட்டுப் போட்டு, மேளத்தோடு சீர் உள்ளே வந்தது. முழுதாகச் செய்த கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தால் அது ஒரே தட்டு. சீருக்கு மரியாதை தட்டில்தான் இருக்கிறது. அதனால் சாமான்களைப் பிரித்துப் பிரித்தே எடுத்து வர வேண்டும் என்று மாமாவின் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மானிட்டருக்கு மாலை போட்டிருந்தது. கீபோர்டின்மேல் வெற்றிலை பாக்கு. ஜமக்காளத்தில் தட்டுகளைப் பரப்பியதும் அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். மேளக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். மேளம் நின்றது.

“இரட்டைப்படையா வருது” என்றார்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். இது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். மண்டபமே மாமாவைப் பார்த்தது. மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணினார். அவருடைய ஊர்க்காரர்கள் முகம் சுருங்கிப்போனது. மணையில் பட்டுச்சேலையில் சுற்றப்பட்டு உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் என்னால்தான் என்பதுபோல இருந்தது.

“ஒரு தட்ட எடுத்து ஓரமா வச்சிருங்க” என்றார் அப்பா.

“வந்த சீரைத் திருப்புறதா?” அத்தை தம்பியை முறைத்த முறைப்பில் அப்பா ஓரடி பின்னால் போனார். “அதுக்குச் சீர் வாங்காமலே இருக்கலாம்.”

“அப்ப நம்ம தட்டுல ரெண்டு தேங்காய…”

“மாமன் வீட்டுச் சீரு மாமன் கையில இருந்துதேன் வரணும். நல்ல நேரம் போகப்போகுது. கையில என்ன இருக்கோ எடுத்து வையி தம்பி. எதுவா இருந்தாலும் சரி.”

“எதுவா இருந்தாலுமா மதினி?” என்று மாமா பாவம்போலக் கேட்டார்.

“எதுவா இருந்தாலும்!”

மாமா தோள்பைக்குள் கைவிட்டார். ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அதன் மேல் ஒரு ஹெட்செட் பெட்டி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அத்தையின் கையிலேயே கொடுத்தார். அத்தை அதை வாங்கி வரிசையின் கடைசியில் வைத்து, தானே குலவை போட்டார். மேளம் மறுபடி முழங்கியது. அப்பா தட்டையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் என்ன பேச முடியும்? மணையிலிருந்து பார்க்கும்போது எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பையிலிருந்து வெளியே வரும்போதே அந்தப் பெட்டிகளில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

மறுநாள் மாமா வந்து ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டி, இன்டர்நெட்டும் கொடுத்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

“விளையாட்டுச் சத்தம் பூராம் போர்டு ஆடியோவுல, ஸ்பீக்கர்லதேன் வரும் மச்சான். நீங்க சொன்னபடியே.”

“அப்ப அந்தக் கார்டு?”

“சீர்ல வந்தத சும்மா போடக்கூடாதுல்ல. ஹெட்செட்ட அதுல சொருகியிருக்கேன். அதுல மைக் இருக்கு. பிள்ள கம்ப்யூட்டர்ட்ட பேசும், அது கேட்டுக்கிரும்.”

அப்பாவுக்கு ‘தெரியாது’ என்று சொல்ல வராது. “ம், அதெல்லாம் இப்ப வந்திருச்சு” என்றார்.

அவர் நகர்ந்ததும் மாமா என்னிடம் குனிந்தார். “பாப்பா, விளையாட்டுச் சத்தம் ஸ்பீக்கர் பெட்டியில கேக்கும். பயலுக பேசுறது காதுல கேக்கும். நீ பேசுறது அவய்ங்களுக்குப் போயிரும். எதையும் மாத்திராத. யாரு கேட்டாலும் கம்ப்யூட்டர்ட்ட பேசுறேன்னு சொல்லு.”

“காலடிச் சத்தத்துக்குத்தான மாமா கார்டு? அத எதுக்கு வெறும் பேச்சுக்குப் போடுறீங்க?”

“சொன்னதக் கேளுத்தா.”

எனக்குக் கோபமான கோபம். அவ்வளவு பாடுபட்டு வந்த நல்ல கார்டைப் பையன்களின் கத்தலுக்கு ஒதுக்கிவிட்டு, காலடிச் சத்தத்தை இரைகிற போர்டு ஆடியோவில் விடுகிறாரே, இவரெல்லாம் என்ன கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார் என்று தோன்றியது. பேச்சை மறைக்கச் சொன்னதற்குமட்டும் காரணம் தெரியும் என்று நினைத்தேன். அந்த நால்வரும் ஆட்டம் சூடாகிவிட்டால் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பேசுவார்கள். அது வீட்டில் கேட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. அவர்கள் நால்வரும் மாமா கடை மாடியில், நான் எங்கள் ஹாலில். பின்னால் நாற்காலியில் அப்பா பேப்பரோடு. தரையில் அத்தை பூண்டு உரித்துக்கொண்டு. ஸ்பீக்கரின் சத்தத்தை இவ்வளவுக்குமேல் வைக்கக் கூடாது என்று அப்பா குறைத்து வைத்திருந்தார். ஹெட்செட்டைக் காதுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கரையும் அதையும் சேர்த்துக் கேட்க முயன்றேன். ஸ்பீக்கரில் இரைச்சல் மாவு மில் ஓடுவதுபோல ஓடியது. அதற்குள்ளே எங்கேயோ காலடி. அடுப்படியில் குக்கர் விசில். தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி. சிம்மக்கல் என்று சொன்னேன்; யானைக்கல் வழியாக வந்து எங்களில் இருவரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த முறையும் தப்பு. காதுக்குள் ஒருவன் யாருடைய பரம்பரையையோ இழுத்துத் திட்டினான். நான் இல்லாமல் அவர்களால் ஆட முடியாது, நான் இருந்தும் தோற்கப்போகிறோம் என்றால் நான் எதற்கு?

எப்படியோ தட்டுத்தடுமாறிச் சமமாக வந்துவிட்டோம். கடைசிச் சுற்று. அதில் ஜெயித்தவர்கள்தான் ஜெயித்தவர்கள்.

“தங்கச்சி, சொல்லு” என்று கல்லூரி அண்ணன் காதுக்குள் கேட்டார். “சிம்மக்கல்லா, யானைக்கல்லா?”

“இருங்கண்ணே, இன்னும் கேக்கல” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பின்னால் பூண்டு உரிக்கும் சத்தம் நின்றது. “யாருடி அண்ணே?”

“கம்ப்யூட்டர்ட்டத்தான் அத்தை பேசுறேன்.”

“கம்ப்யூட்டரு உனக்கு அண்ணனா?” அத்தை எழுந்தே விட்டார். “அதேன் சத்தம் அம்புட்டும் பெட்டியில வருதே, அப்புறம் காதுல என்ன தனியா? ஏம்மா, இங்க வா. இவ காதுல மாட்டியிருக்குறத வாங்கிக் கேளு. என்னதேன் கேக்குதுன்னு பாப்போம்.”

அப்பா பேப்பரை மடியில் வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மாமா கடைக்குப் போகாதே என்று சொன்ன அம்மா. என் பின்னால் வந்து நின்று ஹெட்செட்டைத் தலையிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. திரையில் என் ஆள் சுவரோரம் அசையாமல் நிற்கிறான். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கும். கடவுளே, எவனும் வாயைத் திறந்துவிடக் கூடாது, ஒரு கெட்ட வார்த்தை வந்தால் போதும், எல்லாம் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை தானாக எழுந்து ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் குனிந்து என்னைப் பார்த்தாள். அதற்குமுன் பார்த்திராத யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

“என்ன கேக்குது?” என்றார் அத்தை.

“டுமீல் டுமீல்னு கேக்குது மதினி. வேற என்ன கேக்கும் இதுல?”

“பேச்சுச் சத்தம்?”

“ஒண்ணுங் கேக்கல.”

அம்மா ஹெட்செட்டை என் தலையில் மாட்டினாள். முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டாள். பிறகு கையை நீட்டி ஸ்பீக்கரின் திருகை வலது பக்கமாகத் திருகினாள். ஹாலே அதிர்ந்தது. அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

“ஏய், என்ன இம்புட்டுச் சத்தம்?” என்று அப்பா கத்தினார்.

“எனக்கு அடுப்படியில கேக்க வேணாமா? எல்லாரும் கேக்கட்டும்னு நீங்கதான சொன்னீக” என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

காதுக்குள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். “தங்கச்சி! இருக்கியா? எந்தப் பக்கம் போக, சொல்லு! நீ சொன்னாத்தேன் நாங்க நகருவோம், சொல்லு!” அத்தனை கத்தலுக்கும் நடுவில், அவ்வளவு சத்தமாக வைத்த ஸ்பீக்கரில், இரைச்சலை மீறி எனக்குத் தெளிவாகக் கேட்டது. வலது பக்கம். மண்ணில்லை, படிக்கட்டு. ஒருவர் இல்லை, மூவர்.

“யானைக்கல்!” என்றேன். பின்னால் இருப்பவர்களைப் பற்றிய நினைப்பே இல்லை. நான்கு துப்பாக்கியும் திரும்பின. முடிந்தது.

மறுநாள் மாமா லட்டு டப்பாவோடு வந்தார். கடைசிச் சுற்றில் பையன்களின் பின்னாலேயே நின்றிருந்தாராம். “உன் பேச்சு நின்னுபோச்சுன்னு தொண்ட கிழியக் கத்துனாய்ங்க பாப்பா. கெட்ட வார்த்த வேற. ஒரு நொடி வாய மூடலயே” என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடியும் வாயை மூடவில்லை என்றால், அம்மாவுக்கு ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?

கார்டின்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது அருமையான கார்டு. எனக்கு அவர்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. காதோடு அழுத்திப் பிடித்தும் அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை அவ்வளவு சத்தமாக வைத்தால்தான் அடுப்படியில் கேட்கிறது என்று அவளே சொல்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று முடிவு செய்தேன். ரொம்பப் பாவமாக இருந்தது. அதனால் அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அம்மாவிடம் எதைச் சொன்னாலும் பக்கத்தில் போய் உரக்கச் சொன்னேன். ஏன்டி கத்துகிறாய் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.